முடிந்ததை மட்டும் ஒப்படைப்போம்



எங்கள் மத்ரஸாப் பாடங்களைக் கணினியில் எழுதி, 'கிட்' என்னும் மென்பொருளில் பாதுகாத்து வருகிறோம். லினக்ஸ் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கியது அது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைக் கணக்கேடு போலக் குறித்து வைக்கும். கலைப் பட்டதாரியான எனக்கு அதைக் கற்றுத் தந்தவன், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பணியிலுள்ள என் அக்காள் மகன்.

சென்ற ஷஃபானில் ஜகாத் பாடத்தைத் திருத்தினேன். எழுத்துப் பிழைகளைக் களைந்தேன். அதே கோப்பில் கடன்பட்டோர் பற்றிய பத்தியையும் மாற்றத் தொடங்கி, மூத்த ஆலிம் ஒருவரிடம் கேட்டு முடிக்கலாமென்று பாதியில் நிறுத்தினேன். அச்சகத்தார் அவசரப்படுத்தவே, எல்லா மாற்றங்களையும் ஒருசேரப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் மாணவி ஒருத்தியின் தாயார் பாடநூலுடன் வந்தார். "ஹஜ்ரத், கடன் இருந்தால் ஜகாத்தே இல்லை என்று போட்டிருக்கிறதே! தோல் வியாபாரத்தில் கடன் இல்லாதவர் யார்?" என்றார். நான் முடிக்காத வாக்கியம் அவர் இல்லத்தில் சட்டமாகியிருந்தது. வெட்கித் தலைகுனிந்தேன்.

"மாமு, கோப்பு முழுவதையும் ஏன் பதிந்தீர்கள்?" என்றான் மருமகன். 'கிட் ஆட்' என்னும் கட்டளையுடன் ஒரு சிறுகோடும் 'பி' எழுத்தும் சேர்த்தால், மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிச் சம்மதம் கேட்கும். 'ஒய்' என்றால் ஏற்கும். 'என்' என்றால் விட்டுவைக்கும். 'எஸ்' துண்டை மேலும் பிரிக்கும். நடுவே மாறாத வரி இல்லையெனில் பிரியாது. அப்போது 'இ' அழுத்தி நாமே திருத்த வேண்டும். விடப்பட்டவை அழியாமல் கோப்பிலேயே காத்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளும் சொன்னான். கிட் வரி வரியாகவே பார்க்கும்; ஆகவே பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதாமல், வாக்கியத்திற்கு ஒரு வரி விட வேண்டும். அடுத்து, பகுதியாகப் பதியப்படும் பாடம் நம் திரையிலுள்ள பாடமன்று. அதை முழுமையாக எவரும் படித்திருக்கமாட்டார். ஆதலின் 'கிட் டிஃப்' கட்டளையுடன் 'ஸ்டேஜ்டு' சேர்த்து, ஏற்கப்பட்டவற்றைப் பதியுமுன் ஒருமுறை படித்தறிவது கடமை. லினக்ஸ் பணியிலும் ஒரு திருத்தத்தில் ஒரு பொருளே இருக்க வேண்டுமென்பது விதியாம்.

நம் ஊர்த் தோல் கிடங்கில் தரம் பிரிப்பவர் கட்டைப் பிரிக்காமல் முத்திரையிடுவாரா? ஒவ்வொரு தோலையும் விரித்துப் பார்த்தல்லவா ஒதுக்குகிறார்! மார்க்கத்தை எழுதும் நான் அந்த அளவுகூடப் பொறுமை காட்டவில்லை.

ஆலிமிடம் கேட்டு எழுதிய திருத்தத் தாளை வீடு வீடாகச் சென்று கொடுத்தேன். அந்தத் தாயாரின் வாசலுக்கே முதலில் சென்றேன். எழுத்தும் ஓர் அமானிதமே. அதில் முடிந்ததை ஒப்படைப்போம், முடியாததை நம்மிடமே நிறுத்தி வைப்போம். அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக!