'லேசா ஊனுங்க'ன்னா எத்தனை கிலோ?

கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களை அதிகம் குழப்பும் வார்த்தை இது: "காலை லேசா மட்டும் ஊனுங்க." லேசாக என்றால் எவ்வளவு?

பழவேற்காடு ஏரிக்கரையில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாக விரிந்து கிடக்கும் இந்த ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இங்கே பிழைப்பே காலை நம்பித்தான். சேற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும், ஆழமில்லாத தண்ணீரில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவர்களுக்கும் இரண்டு கால்களும் வேண்டும். ஏரியில் யார், எப்போது, எங்கே வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' வழக்கமும் இங்கே உண்டு.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அவருக்கு 60 கிலோ எடை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறாவது வாரம். வலி குறைந்துவிட்டது. பாடு வரும் நாளும் நெருங்குகிறது.

"இன்னும் எத்தனை நாளைக்குக் கடன்லயே ஓட்டுறது?" என்பார் அவர்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சாங்க?" என்பார் மனைவி.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவசரப்பட்டு முழு எடையையும் போட்டால் பிளேட் வளையலாம், ஸ்க்ரூ தளரலாம், எலும்பு கூடாமலே போகலாம். பயந்துபோய் காலை ஊன்றாமலே இருந்தாலும் சிக்கல்தான். தசை மெலியும், மூட்டு இறுகும். தாங்கும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். ஆக, எடையும் மருந்து மாதிரி. அளவோடு கொடுக்க வேண்டும்.

அந்த அளவைப் பழக்க, பிசியோதெரபிஸ்டுகள் எடை பார்க்கும் மெஷினைப் பயன்படுத்துவார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலை மெஷின்மேலும், மற்றக் காலை அதே உயரப் பலகைமேலும் வைக்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவு 20 கிலோ என்றால், முள் 20-க்கு வரும்வரை மெதுவாக அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் காலுக்கு நினைவிருக்க வேண்டும்.

இங்கேதான் பிரச்னை. கையில் தூக்கிப் பார்த்தே மீனின் எடையைச் சொல்லிவிடுகிறவருக்கும் உள்ளங்கால் அந்தக் கணக்கைச் சொல்லாது. மெஷினில் சரியாக நின்றவர்களே நடக்கும்போது அளவைத் தாண்டிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்குத்தான் சென்சார் வைத்த இன்சோல் வந்திருக்கிறது. செருப்புக்குள் போடும் மெத்தைத் தகடு போலத்தான் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் காலில் இறங்கும் எடையை அளந்து, ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். அளவு தாண்டினால் எச்சரிக்கும் வசதி உள்ளவையும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மோட்டிகான், நோவெல் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன.

ஆனால், இன்சோலுக்கு மூடிய ஷூ வேண்டும். மணலிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடக்கிற ஊரில் அதுவே புதுப் பழக்கம். உப்புத் தண்ணீர் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது. எனவே இது ஏரிக்கு எடுத்துப்போகும் கருவி அல்ல. வீட்டில் நடை பழகும் வாரங்களுக்கானது.

அது கைக்கு எட்டும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, "எத்தனை கிலோ ஊன்றலாம், எந்த வாரத்திலிருந்து?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். திடீரென வலியோ வீக்கமோ கூடினால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மறுபடி தண்ணீரில் இறங்கும் நாளை மட்டும் எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லட்டும். வலி இல்லை என்பதை வைத்து நாமே முடிவுசெய்ய வேண்டாம்.