விறகு இல்லீங்க... விதை!

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் குடியேறின இத்தாலிக்காரங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்துல ஆசையா வளர்க்கிற சீமை அத்தி மரத்தைப் பனிக்காலத்துல கயிறு போட்டு வளைச்சு, குழி வெட்டி மண்ணுக்குள்ள படுக்க வெச்சிடுவாங்க. குளிர் போனதும் தோண்டி நிமிர்த்துவாங்க. கிளையை வெட்டி ஈரம் காயாம வெச்சிருந்து, வசந்தத்துல வேர் பிடிக்க வைக்கிறவங்களும் இருக்காங்க.

"மரத்து மேல என்னா பாசம்!"னு வாயைப் பிளக்காதீங்க பாஸ். நம்ம ஊர்லயும் வருஷா வருஷம் இதே கூத்துதான். என்ன, இங்கே பனிக்குப் பதில் வெயில். அத்திக்குப் பதில் குச்சிக்கிழங்கு. அதாங்க, மரவள்ளி. பார்க்கணும்னா பொங்கல் முடிஞ்ச கையோட ஆட்டையாம்பட்டிக்குப் பஸ் ஏறுங்க.

சேலத்துல இருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். இறங்கினதுமே கை முறுக்குக் கடைங்க உங்களை மடக்கும். ஒரு பாக்கெட் வாங்கிக்கிட்டே நடங்க, வழிக்கு ஆகும். ஊரைத் தாண்டினா கிழங்கு பறிச்ச காடுங்க. லாரியில ஏறுற கிழங்கெல்லாம் ஜவ்வரிசி மில்லுக்குப் போகுது. உங்க வீட்டுப் பாயசத்துல மிதக்கிற முத்து பெரும்பாலும் இந்த சேலம், நாமக்கல் சீமையிலதான் பிறந்திருக்கும். 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு.

வர்றவங்க எல்லாரும் லாரியைத்தான் பார்ப்பாங்க. நீங்க வரப்போரத்தைப் பாருங்க. வேப்ப மரத்தடியில ஆள் உயரக் குச்சிங்க கட்டுக்கட்டா நிமிர்ந்து நிக்கும். அடுப்புக்குன்னு நினைச்சா அவ்வளவுதான், தோட்டக்காரர் முறைப்பார். அடுத்த வருஷ வெள்ளாமையே அதுதான். மரவள்ளிக்கு இங்கே யாரும் விதை போடறதில்லை. குச்சியை வெட்டித்தான் நடுவாங்க.

கிணத்துல தண்ணி இருக்கிறவர் சீக்கிரமே நட்டுடுவார். மானாவாரிக்காரர் கோடை மழைக்குக் காத்திருக்கணும். அதுவரைக்கும் வெட்டின குச்சி உயிரோட இருக்கணுமே? அதனாலதான் நிழல். அடிப்பக்கம் மண்ணைத் தொட்டபடி, காத்து புகுந்து போற மாதிரி நேரா நிறுத்தி வைக்கிறாங்க. வெயில்ல போட்டா காஞ்சிடும். துண்டு போட்டு வெச்சா இன்னும் சீக்கிரம் காயும். அதனால முழுக் குச்சியாவே வெச்சிருந்து, நடுற நேரத்துலதான் நறுக்கணும்.

உயிர் இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு சிம்பிள் டெஸ்ட். கத்தியால லேசாக் கீறுங்க. உடனே பால் கசிஞ்சா பாஸ், இல்லைன்னா ஃபெயில்! நுனி இளசு, அடி முத்தல், ரெண்டையும் கழிச்சிட்டு நடுப்பகுதியில 15 சென்டிமீட்டர் துண்டா நறுக்குவாங்க. ஒவ்வொண்ணுலயும் 8, 10 கணு இருக்கணும். அடிவெட்டு பிளக்காம வட்டமா இருந்தா சுத்தி நாலாபக்கமும் வேர் இறங்கும். கணு மேல் பார்த்து இருக்கிறபடி செங்குத்தா ஊனினா, ஒரு வாரம் பத்து நாள்ல மொட்டு விடும். குச்சிக்குள்ள சேர்த்து வெச்ச மாவுதான் அதுக்கு முதல் சாப்பாடு.

இவ்வளவு சரியாச் செஞ்சாலும் ஒரு வில்லன் இருக்கான். தேமல் நோய். இலை மஞ்சள் திட்டாகி, நெளிஞ்சு, சுருங்கிடும். வெள்ளை ஈ பரப்புறது ஒரு பக்கம். நோய் இருந்த செடியோட குச்சியை நட்டா, நாமளே கையால பரப்புறது இன்னொரு பக்கம். இதுல சிக்கல் என்னன்னா, இலை கழிஞ்ச குச்சியைப் பார்த்தா நல்லதும் நோயும் ஒரே மாதிரி இருக்கும். எந்த நிபுணர் வந்து உத்துப் பார்த்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால செடி இலையோட நிக்கும்போதே நல்லதை அடையாளம் வெச்சுடணும். அறுவடை அவசரத்துல இதை விட்டுட்டு, வெளியூர்ல இருந்து வர்ற லாரிக் குச்சியை வாங்கி நட்டா அது லாட்டரிதான். கிழங்கு விளைய 9, 10 மாசம். மில்லுல மாவுச்சத்தை அளந்து, 'பாயின்ட்' கணக்கு பார்த்து விலை போடுவாங்க. குச்சி சரியில்லைன்னா அடி விழறது இங்கேதான்.

மாவுப்பூச்சியும் இதே லாரியில ஓசிப் பயணம் போகும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சியை 2020-ல இந்தியாவுல கண்டுபிடிச்சாங்க. அதை அடக்க ஆப்பிரிக்காவோட பெனின் நாட்டுல இருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைச்சு, 2022 மார்ச்சுல ஆத்தூர் பக்கம் ஏத்தாப்பூர்ல இருக்கிற மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல பறக்க விட்டாங்க. அக்ரி படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தா கூட்டிட்டுப் போய் அந்த நிலையத்தையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்க.

இன்னொரு ட்ரிப் கோடை மழைக்கு அப்புறம் வெச்சுக்குங்க. புதுசா நட்ட காட்டுல துளிர் வந்திருக்கும். கிட்டப் போய் இலையைப் பாருங்க. நெளிவு சுளிவு இல்லாம பளிச்சுனு பச்சையா இருந்தா, குச்சி எங்கே எடுத்ததுன்னு தோட்டக்காரர்கிட்ட கேளுங்க. சொந்தத் தோட்டத்துக் குச்சின்னா, அந்த வேப்ப மரத்தடிக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டுவார்.