பல்லும் பாறையும்

எலும்பைக் கல் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அநேகர். திற்பரப்பில் இருக்கும் என் சித்தப்பாவும் அந்தக் கட்சிதான். எழுபத்திரண்டு பிராயம். கழற்றி மாட்டும் பல்செட்டோடு பத்து வருஷமாகச் சண்டை. பேத்தி கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், "எலும்பிலேயே பல்லு ஊணுகாளாமே மக்களே, எனக்கும் அப்படி வைக்கணும்" என்றார்.

அழைத்துப் போனேன். டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். கீழ்த்தாடையின் முன்பக்கம் கெட்டி. மேல்தாடையின் பின்பக்கம் கடற்பஞ்சு மாதிரி. பெரும்பாலோருக்கு அப்படித்தானாம். லெக்ஹோம், ஸார்ப் என்ற இருவர் 1985இல் தாடை எலும்பை நான்கு தரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சித்தப்பாவின் மேல்தாடை நாலாவது தரம்.

"அருவிப் பாறையிலே அடிச்ச கம்பி நிக்கும், ஆத்து மணலிலே நட்டது ஆடும். அதானே?" என்றார் சித்தப்பா.

"பாதி சரி, ஐயா" என்றார் டாக்டர். பாறை வளராது; எலும்பு வளரும். திருகின் முதல் பிடிப்பு எலும்பின் கெட்டியால் வருவது. சில வாரங்களில் பழைய எலும்பு கரையும்போது அது தளரும். பிறகு புது எலும்பு வந்து பற்றிக்கொள்ளும். மெத்தென்ற எலும்பில் முதல் பிடிப்பே சொற்பம். இடைக்காலத்தில் அழுத்திக் கடித்துத் திருகு ஆடிவிட்டால், எலும்புக்குப் பதில் நார்தான் சுற்றி வளரும். அதனால்தான் ஆதியில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேலுக்கு 6 மாதம் என்று காத்திருந்தார்கள். அதற்காக மிகவும் கெட்டியாக இருப்பதும் நல்லதல்ல. ரத்த ஓட்டம் குறைவு, துளைக்கும்போது சூடேறும். 47 டிகிரிச் சூடு ஒரு நிமிஷம் நின்றால் எலும்பு சேதப்படும்.

இந்த ஒட்டுதலைக் கண்டவர் ஸ்வீடன் தேசத்துப் பிரோனிமார்க். 1952இல் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியத்தை அவரால் பிடுங்க முடியவில்லை. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக ஊன்றினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை அசையவில்லை. அந்த டைட்டானியத்தின் தாது நம் மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கறுப்பாகக் கிடக்கிறது. சித்தப்பா மணலை இளப்பமாகப் பேசியிருக்க வேண்டாம்!

"எழுபத்திரண்டு வயசுக்காரன்கிட்ட ஆறு மாசம் கடன் கேக்காரே" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். அந்த வயதில் ஆறு மாதம் சின்ன முதல் அல்ல. நான் ஒன்றும் சொல்லவில்லை. குலசேகரம் தாண்டியதும் அவரே சொன்னார்: "கல்யாணத்துக்குப் பழைய பல்லு போதும். பேத்திக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும். அதுக்குள்ள எலும்பு பிடிச்சிரும்."

மறு வாரமே தேதி வாங்கிவிட்டார்.