கோட்டைப் பார்த்துச் சமன்பாடு சொல்லுதல்

ஓஎல் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார்கள்: வை சமன் எம்எக்ஸ் சக சி. எம் படித்திறன், சி வெட்டுத்துண்டு. அதெல்லாம் பாடம். வரைபுத்தாளில் ஒரு கோட்டைக் கீறிக் கொடுத்து "இதன் சமன்பாடு என்ன?" என்றால்தான் வகுப்பு அமைதியாகும்.

நம்ம ஊர் ஆட்டோவை எடுப்போம். முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபா, பிறகு ஒவ்வொன்றுக்கும் 80 என்று வைப்போம். (இன்றைய மீற்றர் கணக்கு இதுவல்ல என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.) கிடையச்சில் தூரம், நிலைக்குத்தச்சில் கட்டணம். 1 கிலோமீற்றருக்கு 100, 3 கிலோமீற்றருக்கு 260. இந்த இரண்டு புள்ளி போதும். கட்டணம் 160 கூடியது, தூரம் 2 கூடியது. வகுத்தால் படித்திறன் 80.

சில பிள்ளைகள் அச்சிலுள்ள அளவிடையைப் பார்க்காமல் கட்டங்களை எண்ணுவார்கள். ஒரு கட்டம் கிடையாக அரைக் கிலோமீற்றர், மேலே 20 ரூபா என்றால், மேலே 8 கட்டம், குறுக்கே 4 கட்டம், விடை 2 என்று எழுதிவிடுவார்கள். ஒரு கிலோமீற்றருக்கு 2 ரூபாவுக்கு எந்த ஆட்டோ வரும்?

அதைவிடப் பெரிய இடறல் வெட்டுத்துண்டு. கோடு 100இல் தொடங்குகிறது, ஆகவே சி 100 என்பார்கள். ஆனால் அந்தப் புள்ளி இருப்பது தூரம் 1இல். சி வேண்டுமென்றால் தூரம் பூச்சியம் வரை கோட்டைப் பின்னால் நீட்ட வேண்டும். ஒரு கிலோமீற்றர் பின்னால் போனால் 80 குறையும், மிச்சம் 20. ஆகவே வை சமன் 80எக்ஸ் சக 20. எக்ஸுக்கு 3 போட்டுப் பாருங்கள், 260 வரும்.

இதைச் செய்தபோது பின்வாங்கில் பேசாமல் இருக்கும் ஒரு மகள் கேட்டாள்: "டீச்சர், எங்கட வாப்பா ஓடாம 20 ரூபா வாங்க மாட்டாரே?" கோட்டை நீட்டலாம், ஆனால் நீட்டிய பகுதியில் பயணம் இல்லை என்பதை அவளாகவே பிடித்துவிட்டாள். சூத்திரம் ஒப்புவித்த யாரும் அதைக் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைக்குத்தான் வீட்டில் "கணக்கு ஏறாது, ஓஎல் முடிய தையல் கிளாஸ்" என்று முடிவாகி இருக்கிறதாம். தையல் குறைந்த தொழில் இல்லை. ஆனால் கணக்கு ஏறாது என்று சொல்லி அனுப்பாதீர்கள், வாப்பாமாரே. அது உண்மையில்லை.

சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு வகுப்பில் இருப்பேன். வரைபுத்தாள் என்னிடம் இருக்கிறது. அடிமட்டமும் பென்சிலும் கொண்டு வரட்டும்.