தங்கச்சிமடத்துக் குச்சி

மதுரை மண்ணுக்குத்தான் அந்த வாசம் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பேச்சுக்கு அரசு முத்திரையும் விழுந்துவிட்டது. மண்தான் மணம் என்றால் வேறு ஊர்க்காரர்கள் வாசலில் மல்லி வைப்பதே வீண் வேலையாகிவிடும். அது உண்மைதானா என்று செடியின் வழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனேன். அந்த வழி மதுரையில் நிற்கவில்லை. மதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் நடப்படும் வேர்ப்பிடித்த குச்சிகளுக்குப் பேர்போன இடம், பாம்பன் தீவில் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் தங்கச்சிமடம். அங்கே இருப்பது கடற்கரை மணல். செம்மண்ணின் பிள்ளை என்று நாம் கொண்டாடும் செடி வேர்விட்டதே உப்புக்காற்றில்தான்.

சரி, தங்கச்சிமடத்துக்கு முன்னால் எங்கே? இங்கேதான் வழி அடைபட்டது. நெல்லோ கத்தரியோ என்றால் விதையை வைத்து வம்சம் தேடலாம். இந்தக் குண்டுமல்லி நம் தோட்டங்களில் காய்ப்பதே அபூர்வம். குச்சியை வெட்டி ஊன்றுவது, கிளையை வளைத்துப் பதியம் போடுவது, இந்த இரண்டு வழியில்தான் அது பெருகுகிறது. ஆக ஒரு தோட்டத்துச் செடி இன்னொரு தோட்டத்துச் செடியின் மகள்கூட இல்லை, அதன் துண்டு. முதல் துண்டை யார், எங்கே வெட்டினார்கள் என்பதற்குச் செடியிடம் சாட்சியம் கிடையாது. ஏடுகளும் பெரிதாக உதவவில்லை. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைப் பவளமல்லியோடு ஒரே பேரினத்தில் போட்டுவைத்தார். 1789-இல்தான் இன்னொரு தாவரவியலாளரான ஏய்ட்டன் அதை மல்லிகைக் கூட்டத்தில் சேர்த்தார்.

பிறந்த ஊரைச் சொல்லாத செடி, தனக்கு என்ன பிடிக்கும் என்பதை மட்டும் ஒளிக்கவில்லை. மணலில் ஏன் குச்சி நன்றாக வேர்விடுகிறது? வெட்டுவாயில் தண்ணீர் தேங்காது, காற்றும் புகும். களிமண்ணில் அதே குச்சி அழுகும். செம்மண்ணின் பெருமையிலும் பாதி இந்த வடிகால்தான் என்பது என் கணிப்பு. குச்சி ஒன்றேயானால் மதுரைப் பூ மட்டும் ஏன் கெட்டி இதழோடு, வாடாமல் நிற்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதழின் கனத்தில் மண்ணுக்கும் வெயிலுக்கும் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வட்டாரத்துக் கத்தியின் பங்கை யாரும் பேசுவதில்லையே! நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டி, இலையையும் உருவிவிடுகிறார்கள். பார்த்தால் செத்த விறகு மாதிரி நிற்கும். பூ வருவது புதுத் துளிரின் நுனியில் என்பதால் இந்தக் கொடுமை அவசியம். கவாத்துக்குப் பின் தொழு உரம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் மார்ச்சில் மொட்டு தெரியும். வீட்டுச் செடியை வெட்ட மனம் வராமல் கொடியாக ஓடவிட்டு, எங்கள் மண் சரியில்லை என்று பழி போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

வாசத்தைப் பற்றிய வாதத்துக்கு இன்னொரு சாட்சி சீனத்தில் இருக்கிறது. ஃபூஜோவில் தேயிலைக்கு மணமேற்றுவது இதே இனத்து மல்லியால். அங்கே பகலில் மொட்டைப் பறித்து, இரவில் அது விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்துவைக்கிறார்கள். விரியாத மொட்டில் மணம் சொற்பம். இதழ் பிரியும்போதுதான் அது கிளம்புகிறது. நம் ஊரில் விடியுமுன் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு ஓடுவதும் இதே கணக்குதான்: பூ சந்தையில் விரியக் கூடாது, வாங்கியவர் தலையில் விரிய வேண்டும். ஆக, நிழலில்லாத இடம், அடியில் துளையுள்ள அகலத் தொட்டி, மணல் கலந்த மண், ஆண்டுக்கொரு கவாத்து இருந்தால் சென்னை மொட்டைமாடியிலும் மல்லி மணக்கும். மதுரை மல்லி என்று விற்க மட்டும் முடியாது. புவிசார் குறியீடு காப்பது அந்தப் பெயரைத்தான்.