சிகப்பு எழுத்துக்குப் பயப்படாதீர்கள்

பி.காம். படித்தவர்களுக்கு ட்ரையல் பேலன்ஸ் என்றாலே இன்னும் வயிற்றைக் கலக்கும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கூட்டிப் பார்த்தால் 90 ரூபாய் இடிக்கும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் ஏதோ ஒரு எண்ணில் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேட வேண்டும். அகப்படவே இல்லையா? சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டுத் தூங்கப் போகலாம்.

கம்ப்யூட்டரிடம் சஸ்பென்ஸ் கணக்கு கிடையாது. ஒரு அடைப்புக்குறி குறைந்தால் முரண்டு பிடித்து நின்றுவிடும்.

ஓசூரில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற பஸ்களில் பாதிப் பேர் நம் பிள்ளைகள். அந்த பஸ்ஸில் ஏற ஆசைப்படுகிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அப்பா சிப்காட்டில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டுகிறார். கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறார். பெண் பைதானில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் கற்றுக்கொள்கிறாள். அதாவது, ஒரு சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு புரோகிராம் எழுதுவது.

"எதைப் போட்டாலும் சிகப்பாவே வருது சார். எனக்கு இது வராது போல. நின்னுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

விஷயம் இதுதான். ஃபெயில் வேறு, சின்டாக்ஸ் எரர் வேறு. ஃபெயில் என்றால் சாஃப்ட்வேர் பரீட்சை எழுதித் தோற்றது. சின்டாக்ஸ் எரர் என்றால் கேள்வித்தாளிலேயே அச்சுப்பிழை. பரீட்சை ஆரம்பிக்கவே இல்லை. அவளுக்கு வந்ததெல்லாம் இரண்டாவது ரகம். 13-வது வரியில் அடைப்புக்குறியை மூடவில்லை. பழைய பைதான் பெரும்பாலும் 14-வது வரியைத்தான் காட்டும். தப்பு ஓரிடம், திட்டு வேறிடம்! 2021-ல் வந்த 3.10-லிருந்துதான், 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று நேராகச் சொல்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சொல்லுங்கள். காட்டிய வரியில் தப்பு இல்லாவிட்டால் அதற்கு மேல் வரியைப் பார்க்கவும். வரிக் கடைசியில் முக்காற்புள்ளி இருக்கிறதா? உள்தள்ளலில் டேப், ஸ்பேஸ் கலந்திருக்கிறதா? ஒப்பிட இரண்டு சமக்குறி வேண்டும், ஒன்று போதாது. வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி அடித்திருந்தால் மேற்கோள்குறி வளைந்து வந்திருக்கும். அதை நேராக மாற்றி அடிக்கவும். ஒரு தடவைக்கு ஒரு தப்பு, பிறகு மறுபடி ஓட்டு.

கத்துகிற தப்பால் பெரிய ஆபத்தில்லை. கத்தாத தப்புதான் ஆளைக் கவிழ்க்கும். பைதானில் 'அசெர்ட்' என்று எழுதி, நிபந்தனையையும் அதற்கான செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் போச்சு. அது எப்போதும் உண்மை. ஒரு எச்சரிக்கை வரும், ஓட்டம் நிற்காது. சாஃப்ட்வேர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பச்சைதான். ட்ரையல் பேலன்ஸிலும் இதே கதை. ஒரு பில்லை அடியோடு பதியாமல் விட்டாலும் இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும்.

இதைச் சொன்னபோது அப்பாக்காரர் சிரித்தார். "எங்க கேஜ் மாதிரிதான் சார். துளை சின்னதா இருந்தா 'கோ' பக்கம் உள்ளே போகக் கூடாது. தேஞ்ச கேஜ் போயிடும். ரிஜெக்ட் பீஸும் பாஸாகி வண்டி ஏறிடும். அதான் கேஜையே அப்பப்ப செக் பண்ணணும்."

லேத் ஓட்டுகிறவர் சொன்னதைவிட நல்ல டெஸ்டிங் பாடம் எனக்குத் தெரியாது. இப்போது அந்தப் பெண் எழுதிய டெஸ்ட் பச்சை காட்டினால் உடனே நம்புவதில்லை. புரோகிராமில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்து, சிகப்பு வருகிறதா என்று பார்க்கிறாள். வந்தால்தான் நிம்மதி.

நின்றுவிடுகிற பேச்சு இப்போது இல்லை.