கடலுக்கும் வேலி உண்டு

கீழக்கரைக் கடற்கரையில் அஸர் தொழுகைக்குப் பின் நின்று தெற்கே நோக்கியிருக்கின்றீர்களா? நீலப் பரப்பின் விளிம்பில் மெல்லிய கோடுகளாய்ச் சில தீவுகள் தென்படும். சென்ற விடுமுறையில் எம் மதரஸா மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அக்கரைக்குச் சென்றிருந்தேன். கண்டு மகிழத்தான் சென்றோம், கற்றுக்கொண்டு திரும்பினோம்.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை, கரையிலிருந்து சராசரி 8 கிலோமீட்டர் தொலைவில், 21 தீவுகள் மாலைபோல் கிடக்கின்றன. குருசடை, முசல், அப்பா, நல்லதண்ணி, வான் என்பன அவற்றுட் சில. இவற்றையும் இவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ஆம் ஆண்டு தமிழக அரசு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. கரையை நோக்கிய பக்கம் மூன்றரைப் பாகம், ஆழ்கடலை நோக்கிய பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை அதன் எல்லை. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

கடலுக்கு வேலியா என்று வியக்காதீர்கள். இக்கரைக்கு அது புதிதன்று. நம் முன்னோர் முத்தும் சங்கும் வணிகம் செய்த காலத்தில், முத்துப் பார்களை முதலில் ஆய்ந்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிக்க அனுமதிப்பர். முதிராவிடில் அவ்வாண்டு குளிப்பு இல்லை. உரிய அளவுக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும் என்பதும் பழைய விதியே. அத்தனை விதிகள் இருந்தும் முத்துக் குளிப்பு 1961-உடன் ஓய்ந்துபோனது.

கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த வல்லக்காரப் பெரியவர் ஒருவரிடம் ஸலாம் கூறி அமர்ந்தோம். "காக்கா, இந்தத் தீவுகளுக்குப் போவதுண்டா?" என்று கேட்டேன்.

"போன காலம் உண்டு ஹஜரத். எங்க வாப்பா தீவில இறங்கிக் கஞ்சி காய்ச்சுவார், கருவாடு காயப்போடுவார். இப்ப இறங்கினா வழக்கு. புயலடிச்சாலும் யோசிச்சுத்தான் ஒதுங்கணும்" என்றார். சற்று நேரங்கழித்து அவரே சொன்னார்: "ஆனா பார் இருந்தாத்தான் மீன். பாரைப் பேர்த்துச் சுண்ணாம்புக்கு வித்ததும் நம்ம ஆளுகதானே."

அவர் சொன்னது உண்மை. பல்லாண்டுக் காலம் பவளப்பாறைகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்குமாக வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்த அரண் போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. சுருங்கிவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. கடல் சூடேறிய 2016-இல் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. அக்குற்றம் வல்லக்காரருடையதன்று என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

மீன்பிடி விதிகளைச் சுருங்கக் கூறுவேன். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடற்பகுதி நாட்டுப்படகினருக்கே உரியது. விசைப்படகுகள் அதற்கப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்கள் இனம் பெருகும் பொருட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். இரட்டைமடியும் வெடியும் கூடா. கடல் அட்டை, கடற்பசு, பவளம் ஆகியவற்றைத் தொடுதலே குற்றம். மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. பாசி சேகரித்து வாழும் பாம்பன் பகுதிப் பெண்களோ, எவரும் கட்டளையிடாமலேயே மாதம் 12 நாள் மட்டும் பாசி எடுப்பதெனத் தமக்குள் வரம்பு வகுத்துக்கொண்டனர். வறியவர் தாமே ஏற்ற அவ்வரம்பு வாழ்ந்தவர்க்குப் பாடமல்லவா?

இனி, உல்லாசத்திற்காகச் செல்லும் நமக்குரியவை. அனுமதிச் சீட்டின்றித் தேசியப் பூங்காவில் நுழைதல் கூடாது. வனத்துறை இசைவு தந்த படகில் மட்டுமே செல்லுங்கள். பாறைமேல் கால் வைக்காதீர்கள். அங்கு நங்கூரம் இடச் சொல்லாதீர்கள். பொட்டலமும் புட்டியும் உங்களுடனேயே கரைக்குத் திரும்பட்டும். நினைவுக்கென்று எதையும் எடுத்து வராதீர்கள்.

இக்கடைசி விதியில்தான் நான் அகப்பட்டேன். பதினொரு வயது மாணவன் ஒருவன் அலை ஒதுக்கிய பவளத்துண்டைக் கையில் ஏந்தி ஓடிவந்தான். "எடுக்கக் கூடாது" என்றேன். "இது செத்ததுதானே உஸ்தாத்?" என்றான். தடுக்கப்பட்ட சனிக்கிழமையில் மீன்பிடித்த கடலோர ஊராரின் வரலாற்றை நினைவூட்டினேன். முதல் நாளே வலை விரித்து மறுநாள் அள்ளிக்கொண்டு, தாம் விதியை மீறவில்லை என்று அவர்கள் வாதிட்டதாக விரிவுரையாளர் கூறுவர். "செத்ததுதானே" என்பதும் அத்தகைய வாதமே என்றேன். அவன் தலையசைத்துவிட்டு, "உஸ்தாத் வீட்டு அலமாரியில் ஒன்று இருக்கிறதே?" என்றான்.

மாணவர் அனைவரும் என்னையே நோக்கினர். கல்லூரியில் பயின்ற நாளில் இராமேசுவரத் தெருவோரக் கடையில் வாங்கிய வெண்பவளம் அது. பவளங்களும் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது 2001-இல் என்பதை அறிந்தும், பழக்கத்தால் அதனைப் பொருட்படுத்தாதிருந்தேன். விடை சொல்ல என்னிடம் சொல் இருக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே அதனைத் துணியில் சுற்றி வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். எங்கே வாங்கினீர் என்று கேட்டனர். வெட்கத்துடன் உண்மையைச் சொன்னேன். அலமாரியில் அவ்விடம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. அதில் வேறெதனையும் வைக்க மனம் வரவில்லை.

வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் அத்தகைய அலமாரி இருக்கலாம். பிள்ளைகள் கேட்பதற்கு முன் நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.